1891 இறப்புச் சான்றிதழில் ‘டாஸ்மேனியா 5 ஆண்டு’: மாமியாரின் எள்ளுப்பாட்டியைத் தேடி

மெல்பர்ன் மருமகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் பிறந்தவள். 20 ஆண்டுகளாக மெல்பர்னில் வசிக்கிறேன். என் கணவரின் குடும்பம் பல தலைமுறைகளாக விக்டோரியாவில் வாழும் ஆஸ்திரேலியக் குடும்பம். என் மகள் இரு பக்கத்து முன்னோரையும் எழுதி வைக்க வேண்டும் என்று தொடங்கினாள். என் பக்கத்தை என் அப்பா தொலைபேசியிலேயே ஊரும் பேருமாகச் சொல்லி முடித்துவிட்டார். கணவர் பக்கமோ என் மாமியாரின் எள்ளுப்பாட்டியோடு நின்றுவிடுகிறது.

அந்தப் பெண்மணி 1891-இல் பல்லாரட்டில் இறந்தார். மாமியாரின் தாயார் வாங்கி வைத்திருந்த இறப்புச் சான்றிதழின் படி ஒன்று பிஸ்கட் டப்பாவுக்குள் கிடைத்தது. வயது 64; பிறந்த இடம் அயர்லாந்தின் கோர்க் மாவட்டம்; டாஸ்மேனியாவில் 5 ஆண்டு, விக்டோரியாவில் 38 ஆண்டு; திருமணம் ஹோபார்ட்டில், 25-ஆம் வயதில். பிள்ளைகள் வரிசையில் மூத்த மகனுக்கு 41 வயது, அடுத்தவர்களுக்கு 37, 35 என்று இறங்கிக்கொண்டே போகிறது. திருமணம் 1852 வாக்கில் என்றால் மூத்தவருக்கு 39-க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று எண்ணியோ என்னவோ, யாரோ 41-ஐப் பென்சிலால் அடித்துவிட்டு 39 என்று எழுதியிருக்கிறார்கள். அது தம் தாயாரின் கையெழுத்து என்கிறார் மாமியார்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை வேறு. அவர் தங்க வேட்டைக் காலத்தில் பெற்றோரோடு சுதந்திரமாகக் கப்பலேறி, அயர்லாந்திலிருந்து நேராக மெல்பர்னுக்கு வந்தாராம். விக்டோரியா ஆவணக் காப்பகத்தின் பயணிகள் பட்டியலில் மூன்று வாரம் தேடினேன். கன்னிப் பெயரிலும் இல்லை, கணவர் பெயரிலும் இல்லை. அடுத்து எங்கே தேடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

---

ஜீலாங் ஓய்வாசிரியர்

வணக்கம் சகோதரி. தேட வேண்டியதில் பாதி உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் அக்காலத்து இறப்புச் சான்றிதழ் பெயர், வயது, தொழில், காரணம் என்று சிலவற்றோடு முடிந்துவிடும். விக்டோரியாவில் 1853 ஜூலை 1 அன்று அரசுப் பதிவு தொடங்கியபோது, வில்லியம் ஹென்றி ஆர்ச்சர் என்ற அதிகாரி படிவத்தை மிக விரிவாக அமைத்தார். இறந்தவரின் பெற்றோர், பிறந்த ஊர், எந்தெந்தக் காலனியில் எத்தனை ஆண்டு, எங்கே எந்த வயதில் யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும் என்று ஒரு வாழ்க்கையையே அது ஒரு வரிசையில் கேட்கிறது. நியூ சவுத் வேல்ஸும் 1856-இல் ஏறத்தாழ இதே வழியைப் பின்பற்றியது. 1838 டிசம்பரிலேயே பதிவைத் தொடங்கிவிட்ட டாஸ்மேனியாவின் படிவங்களில் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெற்றோர் பெயரே இருக்காது. ஆகவே பல்லாரட்டில் இறந்தது தேடுபவர்களுக்குக் கிடைத்த நற்பேறு என்றே சொல்வேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1891-இல் 38 ஆண்டைக் கழித்தால் 1853; அதில் 5-ஐக் கழித்தால் 1848. தங்கம் கண்டெடுக்கப்பட்டது 1851-இல். எனவே தங்கத்துக்காக அயர்லாந்திலிருந்து வந்தார் என்ற கதை இந்தத் தாளோடு பொருந்தவில்லை. பயணிகள் பட்டியலில் பெயர் இல்லாததற்கும் காரணம் உண்டு: அரசு உதவியோடு வராமல் தம் செலவில் வந்தவர்களுக்காக 1852-இலிருந்து தொகுக்கப்பட்ட அந்த அட்டவணை பிரிட்டன், அயல்நாடு, நியூசிலாந்துத் துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்களுக்கானது. பாஸ் நீரிணையைக் கடந்து டாஸ்மேனியாவிலிருந்து வந்தவர்களை அதில் தேடிப் பயனில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த 41-ஐப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 37 வயது என்று உள்ள இரண்டாவது பிள்ளை 1854-இல் விக்டோரியாவில் பிறந்திருந்தால், அதன் பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். பெற்றோரின் திருமண நாள், இடம் ஆகியவற்றோடு முன்பு பிறந்த பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுத அதில் தனிக் கட்டம் உண்டு. 37 ஆண்டுகளுக்குப் பின் துக்க வீட்டில் யாரோ நினைவிலிருந்து சொன்னதைவிட, பெற்றவர்களே அன்று சொன்னது நம்பத்தக்கது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கே அந்த வழி அனேகமாக அடைபட்டது. 1828-இல் நியூ சவுத் வேல்ஸில் எடுத்தது போன்ற சில மட்டுமே பெயர்களோடு மிஞ்சின. பின்னாளில் வீட்டுப் படிவங்களை எண்ணிக்கை முடிந்ததும் அழித்துவிடுவதே வழக்கமாயிற்று. விரும்புவோரின் படிவத்தை 99 ஆண்டு பாதுகாக்கும் ஏற்பாடு 2001-இல்தான் வந்தது.

---

பரமட்டா வாசகி

1848, அயர்லாந்து, இளம்பெண் என்றதும் எனக்கு ஏர்ல் கிரே திட்டம் நினைவுக்கு வந்தது. பெரும் பஞ்சத்தின்போது அயர்லாந்தின் ஏழை விடுதிகளில் இருந்த 4,000-க்கும் மேற்பட்ட அனாதைப் பெண்களை 1848 முதல் 1850 வரை இங்கே அனுப்பினார்கள். சிட்னியின் ஹைட் பார்க் பாரக்ஸில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்களுள் ஒருவராக இருக்கலாம் அல்லவா?

---

ஹோபார்ட் தன்னார்வலர்

பரமட்டா அக்கா சொன்ன திட்டத்தின் கப்பல்கள் சிட்னி, அடிலெய்ட், போர்ட் பிலிப் (இன்றைய மெல்பர்ன் பகுதி) ஆகிய இடங்களுக்கே சென்றன, ஹோபார்ட்டுக்கு வரவில்லை. 1848-இல் அயர்லாந்திலிருந்து தனியாக ஹோபார்ட்டுக்கு வந்த 21 வயதுப் பெண் என்றால், நாடுகடத்தப்பட்ட கைதியாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இதைச் சொல்லும்போது உங்கள் மாமியாரின் மனநிலையையும் எண்ணித்தான் எழுதுகிறேன்.

1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு ஏறத்தாழ 1,62,000 கைதிகள் அனுப்பப்பட்டார்கள். நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புவது 1840-இல் நிறுத்தப்பட்டபின் சுமை முழுவதும் வான் டீமன்ஸ் லாண்ட் என்று அப்போது பெயர் பெற்றிருந்த இந்தத் தீவின்மேல் விழுந்தது. இங்கே 1853-இல் நின்றது. அந்தப் பெயரோடு ஒட்டியிருந்த கறையைக் கழுவுவதற்காகவே 1856-இல் தீவின் பெயரை டாஸ்மேனியா என்று மாற்றினார்கள்.

டாஸ்மேனிய நூலகத்தின் பெயர் அட்டவணையில் இலவசமாகத் தேடலாம். மூலப் பக்கத்தின் படமும் பெரும்பாலும் அங்கேயே திறக்கும். ஆனால் நேராகக் கைதியின் பெயரைத் தேடிப் போகாதீர்கள். கோர்க்கிலிருந்து வந்த ஒரே பெயருடைய பெண்கள் பலர் இருப்பார்கள். யாரோ ஒருவரின் வாழ்க்கையை உங்கள் குடும்பத்தில் சேர்த்துவிடும் அபாயம் உண்டு. முதலில் 1852 திருமணப் பதிவைக் கண்டுபிடியுங்கள். பிறகு கைதிகளின் திருமண அனுமதிப் பதிவேடான கான் 52-இல் (கான் என்பது கைதி ஆவணங்களின் வரிசைக் குறியீடு) அதே இருவரின் பெயரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அவர் தண்டனைக் காலத்தில் இருந்திருந்தால் ஆளுநரின் அனுமதி இல்லாமல் திருமணம் நடந்திருக்காது. அந்தப் பதிவில் கப்பலின் பெயரும் இருக்கும். கப்பல் கிடைத்துவிட்டால் ஆளைத் தவறவிட முடியாது.

அதன்பின் இரண்டு ஏடுகள். கான் 41 நடத்தைப் பதிவேடு: குற்றம், தண்டனை, உயரம், கண்ணின் நிறம், தழும்பு, இங்கே பெற்ற தண்டனைகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். கான் 15 வருகைப் பட்டியல்: சொந்த ஊர், தொழில், பல பெண்களுக்குத் தாய் தந்தை உடன்பிறந்தாரின் பெயர்கள்கூட இருக்கும். அக்காலத்தில் இவ்வளவு விவரம் எழுதி வைக்கப்பட்ட ஏழைப் பெண்கள் உலகில் வேறெங்கும் மிகச் சிலரே. ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்களை யுனெஸ்கோ 2007-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது சும்மா அல்ல.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துப் படியுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவரைக் காவலில் வைத்திருந்தவர்கள் எழுதியது. ‘அனுமதியின்றி வெளியே இருந்தாள்’ என்று எழுதியிருக்கும்; எதற்காக வெளியே இருந்தாள் என்று இருக்காது. கர்ப்பமான கைதிப் பெண் வேலை செய்த வீட்டிலிருந்து காஸ்கேட்ஸ் பெண்கள் சிறைக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். பிள்ளை பால்குடி மறந்ததும் தாயைப் பிரித்து வேலைக்கு அனுப்பினார்கள். பிள்ளை காப்பகத்தில் வளர்ந்து, இரண்டு மூன்று வயதானதும் நியூ டவுனில் இருந்த குயின்ஸ் அனாதைப் பள்ளிக்குப் போகும். காப்பகத்திலேயே இறந்த குழந்தைகள் ஏராளம். உங்கள் சான்றிதழில் உள்ள 41 வயதுக்காரரை அந்த அனாதைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள்.

---

மெல்பர்ன் மருமகள்

ஹோபார்ட் அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன். திருமணப் பதிவு 1852-இல் கிடைத்தது. அனுமதிப் பதிவேட்டில் இருவர் பெயரும் இருந்தன; அவர் பெயருக்கு எதிரே கப்பலின் பெயர், கணவர் பெயருக்கு எதிரே ‘சுதந்திரர்’.

நடத்தைப் பதிவேட்டின் படம் இரவு பதினொரு மணிக்குத் திறந்தது. 1847-இல் கோர்க்கில் விசாரணை. ஆடு ஒன்றைத் திருடிய குற்றம். ஏழாண்டு நாடுகடத்தல். படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வந்ததும் ஆன்சன் என்ற கப்பலில் ஆறு மாதம். பிறகு வீட்டு வேலை. 1849 கடைசியில் காஸ்கேட்ஸ். 1850 தொடக்கத்தில் பிள்ளைப்பேறு என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. 1851-இல் விடுப்புச் சீட்டு, அதாவது தண்டனை முடியும் முன்பே சொந்தமாக வேலை தேடிக்கொள்ள அனுமதி. 1853-இல் நிபந்தனை மன்னிப்பு, அதாவது தாய்நாட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுதலை.

மாமியாரிடம் மறுநாள் சொன்னேன். அவருக்கு 78 வயது. ஆடு திருடியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சத்தில் பசித்தவள் வேறு என்ன செய்வாள் என்றார். பிள்ளைப்பேற்றைச் சொன்னபோதுதான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தம் தாயாரும் பாட்டியும் ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அந்தக் கப்பல் கதையைச் சொன்னதாகவும், அவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆன்சன் என்பது என்னவென்றும் யாராவது விளக்கினால் நல்லது.

---

பரமட்டா வாசகி

சகோதரி, கொஞ்சம் நிறுத்துங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊரில் ஒரு மருமகள் மாமியார் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து, மூடி வைத்ததை எல்லாம் வெளியே எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இப்போது ஆஸ்திரேலியர் பலர் கைதி முன்னோரைப் பெருமையாகச் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பெருமை பெரும்பாலும் ரொட்டித் துண்டு திருடியவரைப் பற்றியது. சிறையில் பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றிப் பேச அவர்களுக்கும் நா எழுவதில்லை. அந்தப் பெண்மணி மறைக்க விரும்பியதை நாம் மதிக்க வேண்டாமா?

---

ஹோபார்ட் தன்னார்வலர்

ஆன்சன் என்பது போர்க்கப்பலாக இருந்து, பின் டெர்வென்ட் ஆற்றில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட பழைய கப்பல். 1844 முதல் 1850 வரை புதிதாக வந்த கைதிப் பெண்களை அதில் ஆறு மாதம் வைத்து, வீட்டு வேலையும் தையலும் பழக்கிய பின்னரே வெளியே வேலைக்கு அனுப்பினார்கள்.

---

ஜீலாங் ஓய்வாசிரியர்

பரமட்டா வாசகியின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பெண்மணி எதை, யாரிடமிருந்து மறைத்தார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாமியாரின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

1852-இல் விக்டோரியாவின் சட்டமன்றம் கைதிகள் தடுப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தங்க வயல்களுக்கு வான் டீமன்ஸ் லாண்டிலிருந்து முன்னாள் கைதிகள் திரள்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். தீவிலிருந்து வருபவர் தாம் சுதந்திரமானவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவரைக் கைது செய்யலாம். ஏற்றி வந்த கப்பல் தலைவர்மேலும் நடவடிக்கை உண்டு. தண்டனைக் காலம் முடியாமல் நிபந்தனை மன்னிப்பு மட்டும் பெற்றவர்களையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. அரசியே அளித்த மன்னிப்பை ஒரு காலனி எப்படி மறுக்கலாம் என்று லண்டன் ஆட்சேபித்தது. ஆயினும் விக்டோரியா விடவில்லை.

இப்போது உங்கள் பதிவைப் பாருங்கள். 1847-இல் ஏழாண்டு என்றால் தண்டனை முடிவது 1854-இல். அவர் விக்டோரியாவுக்கு வந்தது 1853-இல். கையில் இருந்தது நிபந்தனை மன்னிப்பு. அதாவது, பல்லாரட் தெருவில் ‘எங்கிருந்து வந்தாய்?’ என்று காவலர் கேட்கும் ஒவ்வொரு முறையும், அயர்லாந்திலிருந்து நேராகப் பெற்றோரோடு வந்தேன் என்று சொன்னால்தான் அவர் தம் கணவரோடும் பிள்ளைகளோடும் இருக்க முடியும். குடும்பத்தின் கப்பல் கதை வெட்கத்திலிருந்து பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தாய் பிடிபடாமல் இருக்கச் சொல்லிக்கொண்டது. பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். சட்டம் போனபின் கதை மட்டும் நின்றது. உங்கள் மாமியாரின் தாயாரும் பாட்டியும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குச் சொல்லப்பட்டதை உள்ளபடியே கொடுத்தார்கள்.

இருந்தும் 1891-இல் இறந்தபோது, தகவல் சொன்ன பிள்ளை ‘டாஸ்மேனியா 5 ஆண்டு’ என்று பதிவாளரிடம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் தம் பிள்ளைகளில் ஒருவரிடமாவது அவர் உண்மையைச் சொல்லி வைத்திருக்கிறார். தகவல் தந்தவர் யார் என்று சான்றிதழின் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

---

டப்ளின் வாசி

அயர்லாந்துப் பக்கம் தேட விரும்பினால் சில குறிப்புகள். 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. 1836-க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகளும் அத்தோடு போயின. நல்ல வேளையாக உங்களுக்கு வேண்டியது 1847. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம், ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் நிகழ்ந்து 200 ஆண்டு நிறைந்த 1988-இல் நாடுகடத்தல் ஆவணங்களின் அட்டவணையை அந்நாட்டுக்குப் பரிசாக அளித்தது, அதில் தேடலாம். கைதிகளின் கருணை மனுக்களும் அதில் அடங்கும். மனு இருந்தால், ஊர்ப் பாதிரியாரோ உறவினரோ அவருக்காகச் சொன்ன சொற்கள் கிடைக்கக்கூடும்.

வருகைப் பட்டியலில் ஊரின் பெயர் இருந்தால், கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் புரட்டலாம். பெயர்கள் பெரும்பாலும் லத்தீன் வடிவத்தில் இருக்கும்.

கப்பலேறும் முன் அவர் டப்ளினின் கிரேஞ்ச்கோர்மன் சிறையில் இருந்திருப்பார். அக்காலத்தில் நாடுகடத்தப்பட்ட பெண்களை அங்கேதான் சேர்த்து வைத்தார்கள். பஞ்ச காலத்தில் நாடுகடத்தப்படுவதற்கென்றே தீ வைத்துவிட்டு ஒப்புக்கொண்ட பெண்களும் உண்டு. சிறையில் சோறு கிடைக்கும் என்பது அன்று சிறிய செய்தி அல்ல.

---

பல்லாரட் செவிலி

நான் பல்லாரட்டில் பணிபுரிகிறேன். பல்லாரட் ஸ்டார் நாளிதழ் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் இருக்கிறது. அவருடைய பெயரைத் தேடினால் கிடைக்காது. மணமான பெண்ணைக் கணவர் பெயரோடு திருமதி என்று சேர்த்தே எழுதுவார்கள். தெருவின் பெயர், கணவரின் தொழில், மகள்களின் திருமணம் என்று சுற்றி வளைத்துத் தேடுங்கள். அச்சை இயந்திரம் படித்ததால் எழுத்துப் பிழை மிகுதி; கண்ணில் பட்டதைத் திருத்திவிட்டால் அடுத்து வருபவருக்கு உதவும்.

அந்தக் குடும்பம் பின்னாளில் விவசாயம் செய்ததா? 1869 நிலச் சட்டத்தின்படி 320 ஏக்கர் வரை அரசு நிலத்தைத் தெரிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டு உரிமக் காலத்துக்குப் பின் குத்தகைக்கு விண்ணப்பிக்கும்போது, போட்ட வேலி எத்தனை, வீடு எத்தனை அடி, என்ன பயிர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புகள் விக்டோரியா ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

அந்தக் கோப்பைப் பார்க்கும்போது இன்னொன்றையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ‘காலி அரசு நிலம்’ என்று வரைபடத்தில் குறித்திருக்கும் இடம் இப்பகுதியின் பூர்வகுடிகளான வாடவுருங் மக்களின் நிலம். ஆட்டு மந்தைகளோடு வெள்ளையர் 1838 வாக்கில் இங்கே நுழைந்தார்கள். ஆடு திருடியதற்காக நாடுகடத்தப்பட்ட பெண், பிறருடைய நாட்டில் வேலி போட்ட குடும்பத்தின் தாயுமானார். இரண்டும் ஒரே வாழ்க்கையில் நடந்தவை. குடும்பத் தாளில் இரண்டையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

---

மெல்பர்ன் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதமாகக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

1854 பிறப்புச் சான்றிதழ் வந்தது. முன் பிறந்த பிள்ளைகள் என்ற கட்டத்தில் மூத்த மகனின் பெயரும் ‘4 வயது’ என்ற குறிப்பும் தெளிவாக இருக்கின்றன. அதே வரியில் திருமணம் 1852 என்றும் எழுதியிருக்கிறது. மறைக்கவே இல்லை. பதிவாளர் கேட்டார், அவர்கள் சொன்னார்கள். அந்தச் சிறுவன் பின்னாளில் மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரிலேயே வாழ்ந்து, மணம் செய்து, 1891 சான்றிதழில் தகவல் தந்தவராகவும் இருக்கிறார். ஜீலாங் ஐயா கேட்ட கட்டத்தில் உள்ள கையெழுத்து அவருடையதுதான். தன் வயதை அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

அனாதைப் பள்ளிப் பதிவேட்டில் அவர் இருக்கிறார். தாயின் பெயரும் கப்பலின் பெயரும் ஒத்துப் போகின்றன. 1852 அக்டோபரில் சேர்க்கை; 1853 மே மாதத்தில் வெளியேற்றம். யாரிடம் ஒப்படைக்கப்பட்டான் என்ற இடத்தில் ‘தாயிடம்’ என்று ஒரே சொல். நிபந்தனை மன்னிப்பின் தேதி அதற்கு மூன்று வாரம் முந்தையது. அவர் கைக்கு அந்தத் தாள் வந்ததும் முதலில் நியூ டவுனுக்குப் போயிருக்கிறார். லான்செஸ்டன் துறையிலிருந்து புறப்பட்டோர் பதிவேட்டில் 1853 ஜூனில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது. அவர் பெயரோ பையனின் பெயரோ இல்லை.

நிலக் கோப்பையும் பார்த்தேன். வீடு 24 அடிக்கு 12 அடி, மரப்பட்டைக் கூரை. வாடவுருங் நிலம் என்பதை மகள் தன் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிட்டாள்.

கைதிகள் தடுப்புச் சட்டத்தைப் பற்றி ஐயா எழுதியதை மாமியாருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு அனாதைப் பள்ளியின் பக்கத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். ‘தாயிடம்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் அவரே பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். இறப்புச் சான்றிதழை மேசைமேல் விரித்து, என் மகளிடம் அழிப்பான் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, தம் தாயார் பென்சிலால் எழுதியிருந்த 39-ஐயும் 41-இன்மேல் போட்டிருந்த கோட்டையும், தாள் கிழியாமல் மெதுவாக அழித்தார்.